மறைந்த திரைகளும் மாற்று உறுப்புகளும்



பள்ளித் தலைமையாசிரியர் ஆண்டுதோறும் ஆற்ற வேண்டிய கடமைகளுள் இருப்புச் சரிபார்ப்பு என்பது ஒன்று. மேசை எத்தனை, நாற்காலி எத்தனை, ஆய்வுக்கூடத்துக் குடுவைகள் எத்தனை என்று பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, பழுதானவற்றைத் தனியே பிரித்து, ஒவ்வொன்றின் எதிரிலும் காரணம் எழுதிக் கையொப்பம் இடல் வேண்டும். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் அவ்வாறு கையொப்பம் இட்ட ஓர் ஆண்டில், இயற்பியல் ஆய்வுக்கூடத்து ஆசிலோஸ்கோப் என்னும் அலைகாட்டிக் கருவியின் எதிரே 'பயனற்றது' என்று என் கையாலேயே எழுதினேன். பழைய இரும்பு வாங்குவோர் ஒருவர் வந்து அதனை எடைக்கு எடுத்துச் சென்றார்.

அக்கருவியின் முகத்தில் வட்டமான சிறு கண்ணாடித் திரை ஒன்று உண்டு. அதில் பச்சை நிற ஒளிப்புள்ளி ஒன்று ஓடும். ஒலிவாங்கியை அதனோடு இணைத்து ஒரு மாணவனைப் பேசச் சொன்னால், அவன் குரல் அங்கே அலையாக எழுந்து ஆடும். தன் குரலைத் தானே கண்ணால் கண்ட பிள்ளைகளின் முகங்களை நான் மறந்தேன் அல்லேன். ஆயினும் பொத்தான் இரண்டு பழுதாயின, திரை மங்கிற்று என்பதற்காக, அதைப் பழுது பார்ப்பார் உளரா என்று ஒரு நாளும் நான் தேடவில்லை.

பணி ஓய்வு பெற்றபின் என் மகளின் இல்லத்தில் தங்குவதற்காக அமெரிக்க நாட்டுக்குச் சென்றிருந்தேன். ஒரு விடுமுறை நாளில் பேரனுக்காக எங்களைப் பழைய விளையாட்டுக் கூடம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றாள். ஆள் உயரமுள்ள மரப்பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு திரை, கைப்பிடி, காசு போடும் துளை. அவற்றுள் ஒன்றன்முன் நான் அசைவற்று நின்றுவிட்டேன். கரிய திரையில் வெண்ணிறக் கோடுகளால் ஆன பாறைகள் மிதந்தன. அக்கோடுகள் அச்சிட்டனபோல் இல்லை. எரியும் கம்பிபோல் ஒளிர்ந்தன. நான் எடைக்குப் போட்ட கருவியின் ஒளியே அது. அருகில் வேறொரு பெட்டியின் முதுகுக் கதவைத் திறந்து வேலை செய்துகொண்டிருந்த முதியவரிடம் என் கதையைச் சொன்னேன். அவர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "எல்லோரும் அதைத்தான் செய்தோம்" என்றார்.

அம்முதியவரைப் போன்றவர்கள் செய்யும் தொழிலைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகின்றேன். மறைந்துபோன திரைகளுக்கு மாற்று உறுப்புகள் செய்யும் தொழில் அது. விளையாட்டுப் பெட்டிக்கு உதிரி செய்வது வரலாறு ஆகுமா என்று நீங்கள் வினவலாம். ஆகும் என்பதே என் கருத்து. அதனைப் படிப்படியாகக் காட்டுவேன்.

முதலில் திரையின் இயல்பை அறிதல் வேண்டும். 1897 ஆம் ஆண்டில் கார்ல் பெர்டினாண்ட் பிரௌன் என்னும் ஜெர்மானிய அறிஞர் கத்தோடு கதிர்களால் மின்னோட்டத்தின் மாறுதல்களைக் கண்ணுக்குக் காட்டும் குழாய் ஒன்றை அமைத்தார். காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழாய் அது. அதன் ஒடுங்கிய கழுத்திலிருந்து எலக்ட்ரான் கற்றை ஒன்று பாய்கிறது. அகன்ற முகத்தின் உட்புறத்தில் பாஸ்பர் என்னும் ஒளிரும் பூச்சு தடவப்பட்டிருக்கிறது. கற்றை பட்ட இடம் ஒளிர்கிறது. கழுத்தைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள்களின் காந்த விசை அக்கற்றையை வேண்டிய திசையில் வளைக்கிறது. உங்கள் பாட்டனார் வீட்டில் முதுகு பருத்த தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று இருந்திருக்குமாயின் அதனுள் இருந்தது இத்தகைய படக்குழாயே. 2006 ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு குடும்பங்களுக்கு விலையின்றி வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளிலும் இருந்தது அதுவே.

இக்குழாயில் படம் வரைவதற்கு இரண்டு முறைகள் உண்டு. ஒன்று நெசவு போன்றது. மற்றொன்று கோலம் போன்றது. ஜமுக்காளத்தில் பூ வேண்டுமெனினும் யானை வேண்டுமெனினும் நெசவாளர் இழை இழையாகவே நெய்து செல்கின்றார். அதுபோல் தொலைக்காட்சியில் எலக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழாக, வரி வரியாகத் திரை முழுவதையும் கடந்து செல்கிறது. வேண்டிய இடத்தில் ஒளிர்கிறது, வேண்டாத இடத்தில் மங்குகிறது. ஒரு நொடியில் அது வரையும் வரிகள் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவை. கோலம் போடுபவரோ வாசல் முழுவதையும் கடப்பதில்லை. கோடு வேண்டிய இடத்தில் மட்டும் மாவை இழுத்துச் செல்கின்றார். நான் கண்ட பாறை விளையாட்டில் கற்றை அவ்வாறே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராகக் கோடு இழுத்தது. ஆதலின் அக்கோட்டில் படிக்கட்டு போன்ற உடைவு இல்லை. கற்றை சற்றே தங்கிய புள்ளி சுடர்போல் ஒளிர்ந்தது.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1958 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் பொதுமக்கள் வருகை நாளுக்காக வில்லியம் ஹிகின்பாதம் என்னும் இயற்பியலறிஞர், ஆசிலோஸ்கோப்பின் சிறு திரையில் இருவர் ஆடும் டென்னிஸ் விளையாட்டை அமைத்துக் காட்டினார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1972 இல், அட்டாரி என்னும் நிறுவனத்தின் பொறியாளர் ஆலன் ஆல்கார்ன் 'பாங்' என்னும் விளையாட்டை உருவாக்கினார். முதற்பெட்டியில் அவர் பொருத்தியது கடையில் வாங்கிய கருப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியே. கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரில் ஒரு மதுக்கடையில் வைக்கப்பட்ட அப்பெட்டி சில நாளில் வேலை செய்யாது நின்றது. பழுது யாதெனத் திறந்து பார்த்தபோது, காசுகள் நிரம்பி வழிந்ததே காரணம் என்று தெரிந்தது.

1978 இல் ஜப்பானின் தைட்டோ நிறுவனத்தில் டோமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டை அமைத்தார். உலகெங்கும் பரவிய அவ்விளையாட்டில் திரையின் மேற்பகுதி செம்மஞ்சளாகவும் கீழ்ப்பகுதி பச்சையாகவும் தோன்றும். ஆனால் உள்ளே இருந்த குழாய் கருப்பு வெள்ளைக் குழாயே! வண்ணம் தந்தது, படத்தின்மேல் படியுமாறு வைத்த நிறமுள்ள மெல்லிய தாள். அதற்கு இரண்டாண்டு முன்னர், 1976 இல், அட்டாரி வெளியிட்ட 'பிரேக்கவுட்' விளையாட்டின் செங்கல் வரிசைகளும் அவ்வாறே நிறம் பெற்றன. ஸ்பேஸ் இன்வேடர்ஸின் நின்று ஆடும் பெட்டியில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஆடுபவர் குழாயை நேரே காண்பதில்லை. குழாயின் படம் பாதி ஒளி புகும் கண்ணாடி ஒன்றில் பட்டுத் திரும்பி, பின்னால் நிலவின் தரை தீட்டப்பட்ட அட்டையின்மேல் மிதப்பதுபோல் தோன்றும். கண்ணாடியில் இடம் வலமாகும் ஆதலால் குழாயில் படம் முன்னரே மாற்றி வரையப்படும்.

கோலம் போன்ற முறையைக் காசு போட்டு ஆடும் பெட்டிக்கு முதன்முதல் கொணர்ந்தது 1977 இல் சினிமாட்ரானிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பேஸ் வார்ஸ்'. 1979 இல் அட்டாரியின் 'ஆஸ்டராய்ட்ஸ்' வந்தது. நான் கண்ட பாறை விளையாட்டு அதுவே. 1981 இல் 'டெம்பெஸ்ட்' அதே முறையில் வண்ணக் கோடுகளை வரைந்தது. 1983 இல் 'ஸ்டார் வார்ஸ்' வந்தது. நெசவு முறையில் 1980 இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனத்துப் 'பேக்மேன்' பெரும்புகழ் பெற்றது.

நிற்க. இப்பெட்டிகள் பகலும் இரவும் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. ஐம்பது ஆண்டு வாழ்வதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றின் திரைக்கு நேரும் கேடுகள் பல. மின்தேக்கிகளின் உள்ளே உள்ள நீர்மம் வற்றிப் படம் சுருங்கும், நெளியும். உயர் மின்னழுத்தம் தரும் மின்மாற்றியின் காப்பு வெடித்துத் திரை முற்றும் இருளும். எலக்ட்ரானை வெளியிடும் கத்தோடு தேய்ந்து ஒளி மங்கும். பல்லாண்டு ஒரே படம் நின்ற இடத்தில் பாஸ்பர் பூச்சு கருகிப்போகும். பழைய பேக்மேன் பெட்டிகள் பலவற்றில் மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் அவ்விளையாட்டின் சுவர்க் கோடுகள் கண்ணாடியில் நிழலாகத் தெரியும். ஒரு காலத்து மக்கள் எதனை விரும்பி ஆடினர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இக்கேடுகளுள் சில எளிதில் தீர்வன. மின்தேக்கிகளை மாற்றலாம். பழைய மின்மாற்றியின் அளவுகளைக் கணித்துப் புதிதாகச் சுற்றச் செய்யலாம். ஸ்டார் வார்ஸ் பெட்டியின் மின்மாற்றி பெரிதும் பழுதுபடுவது ஆதலால் ஆர்வலர்கள் அதற்கு மாற்று செய்துகொண்டுள்ளனர். குழாயே தேய்ந்துவிட்டால், குப்பைக்குப் போகும் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து அதே அளவும் அதே கழுத்தமைப்பும் உடைய குழாயை எடுத்து, பழைய பெட்டியின் கம்பிச் சுருளை அதற்கு மாட்டுவர். ஈண்டு ஒன்று சொல்லியாக வேண்டும். வண்ணப் படக்குழாயில் இருபதாயிரம் வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் உண்டு. மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் அது குழாயில் தங்கியிருக்கும். பயிற்சி பெறாதார் அதனைத் தொடலாகாது. ஆர்வம் மிகுதியால் நீங்கள் எவரும் பழைய தொலைக்காட்சிப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டா.

குழாயைப் புதிதாகச் செய்ய இயலாதா எனின், ஒரு காலத்தில் இயன்றது. தேய்ந்த குழாயின் கழுத்தை அறுத்து, பழைய எலக்ட்ரான் துப்பாக்கியை நீக்கி, புதியதை வைத்துக் கண்ணாடியை உருக்கி ஒட்டி, சூளையில் சூடேற்றியபடியே உள்ளிருக்கும் காற்றை இறைத்து மூடுவர். இதனைச் செய்த பட்டறைகள் பல நாடுகளில் இருந்தன. தட்டைத் திரைகள் வந்தபின் அவை ஒவ்வொன்றாக மூடின. சோனி நிறுவனம் 1968 இல் தொடங்கிய தன் புகழ்பெற்ற டிரினிட்ரான் படக்குழாய் உற்பத்தியை 2008 இல் நிறுத்திற்று. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் குழாய்களைப் புதுப்பித்துவந்த பட்டறை 2010 இல் மூடியது. பிரான்சு நாட்டில் இருந்த பட்டறை 2013 இல் மூடியது. அயோவாப் பட்டறையின் கருவிகளை ஓஹியோ மாநிலத்து ஹில்லியார்டு நகரில் உள்ள பழந்தொலைக்காட்சி அருங்காட்சியகம் வாங்கிக் காத்தது. கருவியை வாங்கிவிடலாம், கண்ணாடி எந்த நிறத்தில் சிவக்கும்போது கையைத் திருப்ப வேண்டும் என்பதைக் கற்ற கைகளை வாங்க இயலாது. நாற்பதாண்டு அதே சுடரின்முன் நின்றவரிடம் ஒருவர் உடனிருந்து கற்றாலன்றி அவ்வறிவு அடுத்த தலைமுறைக்கு வாராது.

'இத்துணைத் துன்பம் எதற்கு? விளையாட்டின் நிரல் இருக்கிறதே, அதனை இன்றைய கணினியில் ஓடவிட்டால் போதாதா?' என்று கேட்பவர் உளர். அவர்கள் கேள்வி பொருளற்றது அன்று. 1997 இல் நிக்கோலா சல்மோரியா என்னும் இத்தாலியர் 'மேம்' என்னும் மென்பொருளை வெளியிட்டார். பழைய பெட்டிகளின் மின்சுற்றுகள் எவ்வாறு இயங்கினவோ அவ்வாறே கணினியை இயங்கச் செய்வது அது. அதன்பின் உலகெங்கும் பலர் கூடி உழைத்து ஆயிரக்கணக்கான விளையாட்டுகளின் நிரல்களை அழிவினின்றும் காத்தனர். அவ்வுழைப்பு இல்லையேல் பல விளையாட்டுகளின் பெயர் மட்டுமே எஞ்சியிருக்கும். குழாய் செத்த பெட்டியில் தட்டைத் திரையைப் பொருத்திக் குழந்தைகள் ஆடுவது, பெட்டி இருட்டில் கிடப்பதினும் நன்று என்பதையும் நான் மறுக்கவில்லை.

ஆயினும் நிரலைப் பார்த்தால் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கருப்பு வெள்ளை விளையாட்டு. ஆடியவர் கண்ணிலோ அது வண்ண விளையாட்டு. அவ்வண்ணம் நிரலில் இல்லை. மலிவான ஒரு தாளில் இருந்தது. ஆஸ்டராய்ட்ஸின் நிரலில் 'இங்கிருந்து அங்கே கோடு' என்னும் ஆணை இருக்கிறது; அக்கோடு எரிந்து அணைந்த விதம் பாஸ்பர் பூச்சில் இருந்தது. அப்பெட்டியின்முன் நின்ற ஒருவர் கண்ட காட்சி நிரலும், குழாயும், தாளும், கண்ணாடியும் கூடிச் செய்தது. அவற்றுள் ஒன்றை மட்டும் காத்து மற்றவற்றை விட்டுவிட்டு 'விளையாட்டைக் காத்தோம்' என்றால், பாட்டின் சொற்களை எழுதி வைத்துக்கொண்டு பண்ணை இழந்தவர் நிலையே நம் நிலையும் ஆகும்.

ஆதலின் மாற்று உறுப்பு செய்பவர் முதலில் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டியவராகின்றார். இப்பொருள் புதிதாக இருந்தபோது எவ்வாறு இருந்தது? இது வரலாற்றாசிரியனின் கேள்வி அன்றி வேறென்ன? நான் கண்ட முதியவர் அன்று ஒரு முகக் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதில் தீட்டிய ஓவியத்தின் சிவப்பு, வெயிலிலும் விளக்கொளியிலும் வெளுத்து இளஞ்சிவப்பாகி இருந்தது. அதைப் பார்த்துப் படி எடுத்தால் பொய்யான நிறமே கிடைக்கும். அவர் உலோகச் சட்டத்துக்குள் மறைந்திருந்த ஓரத்தை எனக்குக் காட்டினார். ஒளி படாத அவ்விரலளவு இடத்தில் நிறம் குன்றாது இருந்தது. அதனை அளந்து, கோடுகளைக் கணினியில் மீண்டும் வரைந்து, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியே திரை அச்சு போடுவதாகச் சொன்னார்.

பிறகு அவர் செய்தது இன்னும் என் மனத்தில் நிற்கிறது. புதிதாக அச்சிட்டிருந்த சட்டம் ஒன்றைத் திருப்பி, பின்புறத்து மூலையில் அது மாற்று என்பதையும் செய்த ஆண்டையும் சிறிய எழுத்தில் பொறித்திருப்பதைக் காட்டினார். "வெளுத்த பழையதை என்ன செய்வீர்கள்?" என்று வினவினேன். உறையில் இட்டுப் பெட்டியின் உள்ளேயே வைத்துவிடுவதாகக் கூறினார். பின்னொரு நாளில் தம்மினும் திறமையானவர் ஒருவர் வந்து, தாம் செய்தது தவறு என்று கண்டால், அவருக்கு மூலம் வேண்டும் அல்லவா என்பது அவர் எண்ணம். ஏட்டைப் பெயர்த்து எழுதியபின் மூல ஏட்டை ஆற்றில் விட்டவர்களும் நம் நாட்டில் இருந்தனர். பேணி வைத்தவர்களும் இருந்தனர். அவ்விரு சாராரின் வேறுபாட்டை அன்று நான் மரப்பெட்டி ஒன்றன் முதுகுப்புறத்தில் மீண்டும் கண்டேன்.

காலம் கடந்தபின் மீட்பது எத்துணை அரிது என்பதற்கு நான் முன்னர்க் கூறிய ஹிகின்பாதத்தின் விளையாட்டே சான்று. அது 1959 ஆம் ஆண்டு வருகை நாளிலும் காட்டப்பட்டது. பின்னர் அதன் உறுப்புகளைப் பிரித்து வேறு பணிகளுக்குப் பயன்படுத்தினர். 1997 இல், ஆய்வுக்கூடத்தின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்காக அதனை மீண்டும் அமைக்க முயன்றபோது, பழைய உறுப்புகள் கிடைப்பது அரிதாக இருந்தது. ஆயினும் மின்சுற்றின் வரைபடங்கள் அழியாமல் இருந்தமையால் வேலை கைகூடிற்று. பொருள் போயிற்று, குறிப்பு இருந்தது, அதனால் பொருள் மீண்டது. குறிப்பும் இல்லாதிருந்தால் எவரால் மீட்டிருக்க முடியும்?

மாணவ நண்பர்களே! நான் ஊருக்குத் திரும்பியபின், முன்னர்ப் பணியாற்றிய அப்பள்ளிக்குச் சென்று பழைய பதிவேட்டைக் காட்டுமாறு கேட்டேன். என் கையொப்பம் இருந்தது. 'பயனற்றது' என்ற சொல்லும் இருந்தது. கருவியைச் செய்தவர் யார், எந்த ஆண்டில் வாங்கியது, திரையின் அளவு யாது, எந்த உறுப்பு பழுது என்பன எவையும் அங்கே இல்லை. அவ்வரியைக் கொண்டு அதற்கு மாற்று செய்ய உலகில் எவராலும் இயலாது. அதனைப் பழுது பார்க்காதது ஒரு பிழை. எதனை இழக்கிறோம் என்று எழுதாதது அதனினும் பெரிய பிழை. இரண்டும் என்னுடையவை.

உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் இவ்வாண்டும் இருப்புச் சரிபார்ப்பு நடைபெறும். மூலையில் தூசு படிந்த கருவி ஏதேனும் வெளியேற்றப்படும். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் கூறவில்லை. இடமும் பொருளும் அதற்குப் போதா. ஆனால் அது வாசலைத் தாண்டுமுன் ஆசிரியரின் இசைவோடு ஒரு மணி நேரம் அதன் அருகில் அமருங்கள். அளவெடுங்கள், படம் பிடியுங்கள், பெயர்ப்பலகையில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து பெயர்த்தெழுதுங்கள். அது இயங்கியபோது எவ்வாறு இருந்தது என்பதை அறிந்த ஆசிரியரோ ஆய்வுக்கூட உதவியாளரோ இருப்பாராயின் அவர் சொல்வதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பச்சை ஒளி எவ்வாறு ஓடிற்று என்று கேட்பவர் உளராயின் சொல்வதற்கு நானும் காத்திருக்கின்றேன். அந்தக் குறிப்பேட்டை நூலகத்தில் வையுங்கள். அதைத் தேடி என்றேனும் ஒருவர் வருவார்.